தெளிந்த நீரெல்லாம் குடிநீர் அல்ல

ஊர் திரும்பியதும் உங்கள் பழைய கிணற்று நீர் தெளிவாகத் தெரியலாம். ஆனால் வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல் போன்ற நோய்களின் கிருமிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதலில் பாதுகாப்பு: மிதிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத இடத்திலுள்ள கிணற்றுக்குப் போகாதீர்கள். கைவிடப்பட்ட கிணற்றினுள் வெடிபொருட்கள் கிடக்கலாம், உள்ளே இறங்காதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

கிணறு இறைத்துத் துப்புரவாக்கி, குளோரின் இடப்படும்வரை குடிநீரை இவ்வாறு தயாரியுங்கள்:

1. கலங்கல் நீரை அடையவிட்டு, மேல்நீரை நாலாக மடித்த சுத்தமான பருத்தித் துணியால் வடியுங்கள். தேத்தாங்கொட்டையை உரைத்துக் கலந்தாலும் நீர் தெளியும். ஆனால் இதனால் மட்டும் கிருமிகள் அழிவதில்லை.

2. வடித்த நீர் நன்றாகக் குமிழிவிட்டுக் கொதிக்கத் தொடங்கிய பின், மேலும் ஒரு நிமிடமாவது கொதிக்கவிடுங்கள்.

3. விறகு இல்லாவிட்டால், தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் போத்தலில் (2 லீற்றருக்கு மேற்படாதது) நிரப்பி மூடி, நல்ல வெயிலில் 6 மணித்தியாலம் படுக்கவையுங்கள். வானம் மேகமூட்டமாக இருந்தால் 2 நாட்கள் வையுங்கள்.

4. மூடிய பாத்திரத்தில் வைத்து, கை படாமல் ஊற்றிக் குடியுங்கள்.

உப்பு, எண்ணெய், பூச்சிமருந்து ஆகியவை கொதிக்கவைப்பதால் நீங்கா. அவ்வாறான மணமோ சுவையோ இருந்தால் அந்த நீரைக் குடிக்காமல், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தெரிவியுங்கள்.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டால், கொதித்தாறிய நீரில் ஜீவனி கரைத்து அடிக்கடி பருக்குங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.