கையடக்கக் காமிராவும் காவலூர்க் கண்ணும்

"எத்தனை மெகாபிக்ஸல்?" காமிரா வாங்கச் செல்பவர் கடையில் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் இதுதான். பல வேளைகளில் இறுதிக் கேள்வியும் இதுவே. எண் பெரிதானால் படம் தெளிவாக அமையும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கைப்பேசியின் வரவால் கையடக்க டிஜிட்டல் காமிராவின் விற்பனை வெகுவாகக் குறைந்துவிட்டது உண்மையே. ஆயினும் பழைய காமிராவை மலிவாக வாங்க விரும்பும் மாணவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் பணம் வீணாகாதிருக்க, அக்கருவி இயங்கும் முறையைச் சற்றே ஆராய்வோம்.

பிலிம் இருந்த இடத்தில் டிஜிட்டல் காமிராவில் இருப்பது ஒரு சிலிக்கான் சில்லு. அதன்மேல் நுண்ணிய கட்டங்கள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்ஸல். லென்சின் வழியே வரும் ஒளி பட்டதும் கட்டத்தில் எலெக்ட்ரான்கள் விடுபட்டுத் தேங்குகின்றன. அவற்றை அளந்து எண்ணாக மாற்றினால், அந்த எண்களின் தொகுதியே படம். சி.சி.டி. எனப்படும் இச்சில்லை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவர் கண்டுபிடித்தனர். 2009இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றனர். 1975இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் காமிராவில் இருந்தவை 10,000 பிக்ஸல்களே. ஒரு படத்தை நாடாவில் பதிக்க 23 விநாடிகள் ஆயின.

இச்சில்லின் அருமையை அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. வாணியம்பாடியின் தோல் தொழிற்சாலைகளைக் கடந்து, ஆலங்காயம் வழியே சென்றால் சவ்வாது மலைப்பகுதியில் காவலூர். வானியல் அறிஞர் வைணு பாப்பு 1968இல் ஒரு சிறு தொலைநோக்கியுடன் அங்கே பணியைத் தொடங்கினார். 1986 ஜனவரி 6ஆம் நாள் 2.34 மீட்டர் தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது ஆய்வகத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அதைக் காண அவர் இல்லை, 1982இலேயே மறைந்துவிட்டார்.

விண்மீன்களைப் படமெடுக்க முன்னர் ஒளிப்படத் தகடுகளே பயன்பட்டன. தகட்டில் விழும் 100 ஒளித்துகள்களில் ஒன்றிரண்டே பதிவாகும். நல்ல சி.சி.டி.யிலோ 80க்கும் மேல் பதிவாகும். அப்பெருந்தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட சி.சி.டி. ஒன்றில் 1024க்கு 1024 பிக்ஸல்கள் இருந்தன. கடைக்காரர் கணக்கில் அது ஒரே ஒரு மெகாபிக்ஸல்!

விந்தை அக்கட்டத்தின் அளவில் இருக்கிறது. காவலூர்ச் சில்லில் கட்டத்தின் ஒரு பக்கம் 24 மைக்ரான். 12 மெகாபிக்ஸல் என்று விற்கப்படும் சாதாரணக் கையடக்கக் காமிராவின் சில்லு ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டர் அகலமும் 4.6 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அதில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 1.5 மைக்ரான். பரப்பளவில் 256 மடங்கு வேறுபாடு. மழையில் வைத்த அண்டாவுக்கும் குவளைக்கும் உள்ள வேறுபாடு இது. (இச்சில்லை 1/2.3 அங்குலம் என்று குறிப்பிடுவார்கள். அளந்து பார்த்தால் மூலைவிட்டம்கூட அவ்வளவு இராது. பழைய வீடியோக் குழாய்களின் காலத்துப் பெயரிடும் வழக்கம் இன்னும் விடவில்லை.)

குறைந்த ஒளியில் ஐ.எஸ்.ஓ. எண்ணை 800, 1600 என உயர்த்துகிறோம். இதனால் ஒளி கூடுவதில்லை. சேர்ந்த சிறிதளவு மின்குறியைப் பெருக்கிக் காட்டுகிறோம், அவ்வளவே. கூடவே பிழையும் பெருகுவதால் படம் மணல் தூவியதுபோல் தோன்றுகிறது. தயாரிப்பாளர்களும் இதை உணர்ந்தே இருந்தனர். 2008இல் கேனன் வெளியிட்ட ஜி10 காமிராவில் 14.7 மெகாபிக்ஸல்; மறு ஆண்டு வந்த ஜி11இல், அதே அளவுச் சில்லில், 10 ஆகக் குறைத்தார்கள். ஆறுக்கு நான்கு அங்குலப் படத்தை நன்கு அச்சிட இரண்டு மெகாபிக்ஸலுக்குச் சற்று மேல் இருந்தாலே போதுமே!

அடுத்தது ஜூம். லென்சை நீட்டாதபோது எஃப் 3 எனவும், முழுதும் நீட்டியபோது எஃப் 5.9 எனவும் லென்சின்மேல் பொறித்திருந்தால், நீட்டிய நிலையில் சில்லை அடையும் ஒளி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே. டிஜிட்டல் ஜூம் என்பதோ படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கங்களில் தோலையும் காலணியையும் படமெடுத்து அனுப்ப வேண்டிய இளைஞர்களுக்கு இவை வெறும் ஏட்டுச் செய்திகள் அல்ல. படத்தில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம் என்றால் வாங்குபவர் நம்பிக்கை இழப்பார். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலின் இளம்பழுப்பு நிறம், டியூப் லைட்டின் கீழ்ப் பசுமை கலந்து காட்டக்கூடும். முதலில் வெள்ளைத் தாளைக் காட்டி வெண்மைச் சமநிலையை அமைத்துக்கொள்ள வேண்டும். பளபளக்கும் தோலில் பிளாஷ் அடித்தால் ஒளி தெறித்து வெண்திட்டு விழும். கீறலும் உண்ணிக்கடித் தழும்பும் அதனுள் மறைந்துபோகும். சன்னலோரம் தோலை விரித்துப் பக்கவாட்டு ஒளியில் எடுத்தால் ஒவ்வொரு மயிர்க்கால் குழியும் தெரியும். ஜூமை நீட்டாமல், பூப்படம் போட்ட அண்மைப் பொத்தானை அழுத்தி, ஐ.எஸ்.ஓ. 100இல் வைத்து, காமிராவை அசையாத இடத்தில் நிறுத்தி, இரண்டு விநாடித் தாமதத்தில் எடுக்கலாம். பத்து மெகாபிக்ஸல் பழைய காமிராவே இதற்குத் தாராளமாகப் போதும்.