லைனுக்குப் புதிதாக வரும் சூப்பர்வைசர்களுக்கு

டிப்ளமோவோ பி.இ.யோ முடித்து, இந்த மாதம் ஷாப்பில் பொறுப்பேற்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். லீன், கைசன் என்று பயிற்சி வகுப்பில் நிறையக் கேட்டிருப்பீர்கள். மெஷின் ஷாப்பிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. முதலில் நின்று பாருங்கள். டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ, தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, புது இன்ஜினீயரை அதற்குள் மணிக்கணக்கில் நிற்கவைப்பார். பத்து நிமிடம் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத்தான் தெரியும். ஒரு மணி நேரம் நின்றால்தான், ஒவ்வொரு காஸ்டிங்குக்கும் ஆபரேட்டர் தரைவரை குனிவது கண்ணில் படும். ஏர் கன்னால் ஃபிக்ஸ்சரை ஊதிய பிறகும், லொகேட்டிங் பின்னைச் சுற்றிக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். ஏன் என்று கேளுங்கள். "ஊதினாலும் அந்த மூலையில சிப்ஸ் நிக்கும் சார். அதுமேல ஜாப் உக்காந்தா ஹோல் சாஞ்சிரும்" என்பார். இந்த விஷயம் எந்த வேலைக் குறிப்பிலும் எழுதியிருக்காது. இரண்டாம் ஷிஃப்டில் நிற்கும் டிரெய்னிக்கு இதை யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ரிஜெக்ஷன் அந்த ஷிஃப்டில் ஏன் ஏறுகிறது என்று மீட்டிங் ரூமில் உட்கார்ந்து எத்தனை சார்ட் போட்டாலும் பிடிபடாது. பின்னைச் சுற்றிச் சிறு பள்ளம் வெட்டி, சிப்ஸ் விழ வழி செய்யுங்கள். ரிஜெக்ஷனும் குறையும், அவர் விரலும் தப்பும்.

2. லைனை நிறுத்தியவரைத் திட்டாதீர்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். டொயோட்டாவுக்கு வித்திட்ட சகிச்சி டொயோடா 1924-ல் முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். பழுதான துணியை நெய்துகொண்டே போகாது. அந்த யோசனைதான் பின்னாளில் கார் லைனில் ஆபரேட்டரின் தலைக்கு மேல் தொங்கும் கயிறாக வந்தது. கோளாறைக் கண்டவர் இழுக்கலாம். இழுத்ததும் குழுத்தலைவர் ஓடிவருவார். கயிறு வாங்கி மாட்டுவது ஒருநாள் வேலை. முதன்முதலில் இழுத்தவரிடம் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதை லைன் முழுக்கக் கவனிக்கும். ஒருமுறை முகம் சுளித்தீர்களோ, அப்புறம் யாரும் கயிற்றைத் தொடமாட்டார்கள். கெட்ட பீஸ் நேரே கஸ்டமருக்குப் போகும். ஓடிப்போய், "என்னாச்சுண்ணே?" என்று கேளுங்கள். அப்பா வயதுக்காரரை அண்ணே என்று கூப்பிடுவதால் உங்கள் பதவி ஒன்றும் இறங்கிவிடாது.

3. ஆளைக் குறை சொல்லும் முன் முறையைப் பாருங்கள். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982-ல் மூடப்பட்டது. சொல்லாமல் லீவு போடுவது, ஓயாத தகராறு, தரமில்லாத கார் என்று அதற்கு அவ்வளவு கெட்ட பெயர். 1984-ல் டொயோட்டாவோடு சேர்ந்து, நம்மி என்ற பெயரில் அதைத் திறந்தார்கள். வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், சங்கமும் அதேதான். கொஞ்ச காலத்திலேயே அங்கே செய்த கார்கள் தரத்துக்குப் பேர் வாங்கின. நடத்தும் விதம் மாறியதுதான் காரணம். "ஜப்பான்காரன் முறை நம்ம ஆளுங்களுக்குச் சரிப்படாது" என்று கேன்டீனில் யாராவது சொன்னால், சென்னை பாடியைக் காட்டுங்கள். அங்கிருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பானில் தரும் டெமிங் பரிசை 1998-ல் வாங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல்.

4. "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று முடியும் அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன், ஏன் என்று அடிவரை கேளுங்கள். ஓனோ தன் புத்தகத்தில் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. மெஷின் நின்றது, ஃப்யூஸ் போயிருந்தது. ஏன்? லோடு கூடியது. ஏன்? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? அதன் ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத்தூள் உள்ளே போயிருந்தது. முதல் கேள்வியோடு நின்றிருந்தால் ஃப்யூஸை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். அடுத்த வாரமும் மாற்றியிருப்பார்கள்.

5. ஆடிட்டுக்கு முந்தின நாள் மஞ்சள் பெயின்ட் அடிப்பது 5எஸ் ஆகாது. தேவைப்படும் கேஜ், தேடாமல் கைக்கு வரவேண்டும். அவ்வளவுதான்.

6. செட்டிங் நேரத்தில் கைவையுங்கள். டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றின் டை மாற்ற நான்கு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ஆலோசகர் ஷிகியோ ஷிங்கோ அதை முதலில் ஒன்றரை மணி நேரத்துக்கும், பிறகு 3 நிமிடத்துக்கும் கொண்டுவந்தார். மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியதை, நிறுத்திவிட்டுச் செய்யாதே என்பதுதான் அடிப்படை. அடுத்த டை, போல்ட், ஸ்பேனர் எல்லாம் டிராலியில் முன்கூட்டியே வந்து நிற்கட்டும். பெரும்பாலான ஷாப்புகளில் இதைச் செய்தாலே கணிசமான நேரம் மிச்சமாகும்.

7. யாராவது ஒரு யோசனை சொன்னால் அந்த வாரத்துக்குள் பதில் சொல்லிவிடுங்கள். முடியாது என்றாலும் அவர் மெஷினுக்கே போய், காரணத்தோடு சொல்லுங்கள். ஆலோசனைப் பெட்டிக்குள் கிடந்து மட்கும் சீட்டைவிட அந்த 'முடியாது' மேல். நடைமுறைக்கு வந்த யோசனை என்றால், போர்டில் யோசனை சொன்னவரின் பெயரைப் போடுங்கள். உங்கள் பெயர் வேண்டாம்.

8. ஐந்து பேர் செய்ததை நான்கு பேர் செய்யலாம் என்று ஒரு கைசனில் தெரிந்தால், ஐந்தாமவர் எங்கே போவார் என்பதை மேனேஜரிடம் முன்கூட்டியே பேசி உறுதி வாங்குங்கள். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால் இன்னும் அழுத்திப் பேசுங்கள். கேட்க ஆளில்லை என்று அவர்களைத்தான் முதலில் அனுப்புவார்கள். தன் யோசனையால் பக்கத்தில் நின்றவருக்கு வேலை போனது என்று தெரிந்தால், அதற்குப் பிறகு எந்த மனிதர் வாய் திறப்பார்? லைனிலிருந்து ஒருவரை எடுக்கும்போது இருப்பதிலேயே கெட்டிக்காரரை எடுத்து, அடுத்த லைனைச் சீர்செய்யும் வேலையில் போடுங்கள். வேண்டாதவரைக் கழித்துக்கட்டும் வழியாகக் கைசனைப் பயன்படுத்த யாரையும் விடாதீர்கள், உங்கள் மேலதிகாரியையும் சேர்த்து.