இரையைக் காட்டினால் கோட்டை காலியாகாது

சிவிலைசேஷன் 4 என்ற கணினி வியூக விளையாட்டை ஆடுவோரிடம் திரும்பத் திரும்பக் காதில் விழும் யோசனை இது: எதிரி நகரத்துக்கு வெளியே அடிபட்ட வீரன் ஒருவனைத் தனியாக நிறுத்துங்கள்; காவல் படை மொத்தமும் அவனை அடிக்க ஓடிவரும்; பக்கத்தில் காத்திருக்கும் உங்கள் படை காலி நகரத்துக்குள் நடந்துபோய் உட்காரலாம்.

தவறு. இதை நம்பி முற்றுகையை இழுத்தடித்து, அதற்குள் எதிரி வில்லாளிகளைப் பெருக்கிக்கொள்ள அவகாசம் தருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

இதில் ஊகத்துக்கு இடமே இல்லை. 2005இல் வந்த இந்த விளையாட்டில் கணினி எதிராளியை இயக்கும் ஏஐ நிரலை ஃபிராக்ஸிஸ் நிறுவனம் 2006லேயே வெளியிட்டது. நிரல் எழுதிப் பழகியவர் யாரும் இதற்குரிய பகுதியை ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். ஒவ்வொரு படைக்கும் ஏஐ ஒரு வேலையை ஒதுக்குகிறது: நகரக் காவல், தாக்குதல், எதிர்த்தாக்குதல் என்று. காவல் வேலையில் இருப்பவன் வாசலைத் தாண்ட வேண்டுமானால் சில கணக்குகள் சரியாக வர வேண்டும். வெற்றி வாய்ப்பு நன்றாக இருக்க வேண்டும். நகரத்தின் பலம், 2 கட்டத்துக்குள் நிற்கும் எதிரியின் பலத்தைவிட வெகுவாகக் கூடியிருக்க வேண்டும். அவன் போன பிறகும் காவலுக்கு ஆள் மிஞ்ச வேண்டும். ஒன்று பிசகினாலும் அவன் அசையமாட்டான்.

தந்திரம் செத்துப்போவது இரண்டாவது கணக்கில். பக்கத்தில் காத்திருக்கும் உங்கள் பெரும்படையையும் ஏஐ எண்ணுகிறது. காவலரை உள்ளேயே பிடித்துவைப்பது அந்தப் படைதான். சரி, தூரத்தில் நிறுத்துவோம் என்றால், போர்க்காலத்தில் எதிரியின் சாலை உங்களுக்குப் பயன்படாது. குதிரைப்படைக்கும் ஒரு சுற்றில் 2 கட்டம்தான். எட்டும் தூரத்தில் நின்றால் பயமுறுத்துகிறீர்கள். பயமுறுத்தாத தூரத்தில் நின்றால் எட்டாது.

“என் கண்ணாலேயே பார்த்தேன், வெளியே வந்தார்கள்” என்பார்கள். வந்திருப்பார்கள். அவர்கள் அந்த நகரத்தில் தங்கியிருந்த தாக்குதல் படையினர். காவலர் உள்ளேதான் இருந்திருப்பார்கள்; எண்ணிப் பார்க்காதது உங்கள் பிழை.

இரை வைப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. தாக்குதல் படையை வெளியே இழுத்துச் சமவெளியில் அடிப்பது அருமையான உத்தி. வில்லாளியின் வலிமை 3. ஐந்து சுற்று அசையாமல் அரண் கொண்டால் 25%, நகரக் காவலுக்கு 50%, நகரத்தின் பண்பாடு தரும் பாதுகாப்பு 40% என்று சேர்ந்தால் அதே 3, ஆறரையை நெருங்கும். வாள்வீரனின் வலிமையோ 6. சமவெளிக்கு வந்த வில்லாளி வெறும் 3. கோடாரி வீரனும் வெளியே வந்தால் அரணையும் பண்பாட்டுப் பாதுகாப்பையும் இழக்கிறான். ஆகவே எதிர்த்தாக்குதலை முறிக்க இரை வையுங்கள். நகரத்தைப் பிடிக்க கேட்டபல்ட் என்னும் கல்லெறி பொறியைக் கொண்டுபோங்கள்.

கேட்டபல்ட் என்றதும் இன்னொரு நம்பிக்கை: அதை வைத்து நகரத்தின் பாதுகாப்பைப் பூஜ்யமாக்கிவிட்டால் காவலர் நிராயுதபாணி. இல்லை. குண்டுவீச்சு நகரத்தின் பாதுகாப்புச் சதவீதத்தை மட்டுமே குறைக்கும். வீரனின் அரணும் வில்லாளியின் 50 சதவீதமும் அப்படியே நிற்கும். மதில் கட்டினால் பண்பாட்டுப் பாதுகாப்போடு கூட்டிக்கொள்ளும் என்பதும் பொய். இரண்டில் பெரியது எதுவோ அதுதான் கணக்கு. இன்னும் ஒன்று: கடினமான ஆட்ட நிலையில் ஏஐ புத்திசாலியாகிறதாம்! புத்தி அதேதான்; உற்பத்திச் சலுகை, தொடக்கப் படைகள் போன்ற அனுகூலங்கள்தான் கூடுகின்றன.

பேட்டில் ஃபார் வெஸ்நாத் ஆடிப் பழகியவர்கள்தான் இரை வதந்தியை இங்கே கொண்டுவந்தார்களோ என்று எனக்குச் சந்தேகம். அங்கே ஏஐ படைகள் இரையைக் கண்டால் கோட்டையை விட்டுப் பாய்ந்து வரும், உண்மை. ஆனால் அது வேறு விளையாட்டு, வேறு நிரல். 2003 முதல் அதன் நிரலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

 நிரல் திறந்திருந்ததால்தான் சிவிலைசேஷன் 4க்கு ஆட்டக்காரர்களே பெட்டர் ஏஐ, கே-மாட் போன்ற மேம்பட்ட ஏஐகளை எழுத முடிந்தது. வதந்தியை வரி வரியாகச் சோதிக்கவும் முடிகிறது. ஆகவே நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான்: அடுத்த முறை ஒரு வியூக விளையாட்டுக்குப் பணம் கட்டும்போது, அதன் ஏஐ நிரலை வெளியிடச் சொல்லி அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள்.