கருவாடு சிவத்தலும் அதனைக் கண்டறியும் வகையும்

நன்கு உப்பிட்டு அடுக்கி வைத்த கருவாடு சில வாரங்களில் இளஞ்சிவப்பு நிறமடைந்து, விலைபோகாமற் கழிவதுண்டு. உப்புக் குறைந்தமையே காரணமெனக் கருதிப் பலர் மேலும் உப்பைத் தூவுவர். அதனாற் பயனில்லை, இக்கேட்டை விளைவிக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் உப்பின் வழியாகவே வருகின்றன.

காரணம்

சாதாரண அழுகற்கிருமிகள் மிகுந்த உப்பில் வளரமாட்டா. ஹாலோபாக்டீரியம் முதலிய இவ்வினமோ நூற்றுக்கு 20 பங்குக்கு மேற்பட்ட உப்பிலேயே செழித்துப் பெருகும். உப்பளப் பாத்திகளில் முற்றிய நீர் செந்நிறமாவதற்கு இவையும் ஒரு காரணமாம். உப்பு மணிகளுள் சிக்கி உயிரோடிருந்து, மீனை வந்தடைகின்றன. முன்னர் பாக்டீரியாக்களுடன் சேர்த்தெண்ணப்பட்ட இவை, 1977ஆம் ஆண்டு ஆராய்ச்சிக்குப் பின் ஆர்க்கியா என்னும் தனியினமாகக் கொள்ளப்படுகின்றன.

கண்டறியும் வகை

1. செவுள், வயிற்று மடிப்பு, அடுக்கின் நடுப்பகுதி ஆகியவற்றை முதலிற் பார்த்தல் வேண்டும். சிவப்புடன் பிசுபிசுப்பும் தீநாற்றமும் இருப்பின் கேடு முற்றியதாகும்.

2. மிளகுத்தூள் தூவினாற்போல் உலர்ந்த பழுப்புப் புள்ளிகள் காணப்படின் அது பூஞ்சணம், இக்கிருமியன்று.

3. புதிதாக வாங்கிய உப்பைப் பரீட்சிக்க, சில மீன்துண்டுகளை அவ்வுப்பில் நன்கு பதப்படுத்தி, மூடிய கண்ணாடி ஜாடியில் ஈரம் உலராமல் வெப்பமான இடத்தில் இரண்டு வாரம் வைக்கலாம். சிவப்புத் தோன்றின் அவ்வுப்பு ஆகாது. தோன்றாமையொன்றே முழு உறுதியன்று. பின்னரும் சரக்கைக் கவனித்து வருதல் வேண்டும்.

தடுக்கும் வகை

ஐயத்திற்குரிய உப்பை நன்கு வறுத்து உபயோகித்தல் நலம். ஒருமுறை மீனிலிட்ட உப்பை மறுமுறை இடலாகாது. தொட்டி, பலகை, கூடைகளில் ஒட்டிய உப்புப் படிவு கரைந்துபோகும்வரை நன்னீராற் கழுவி வெயிலில் உலர்த்த வேண்டும். உப்பில்லாத நீரில் இவ்வுயிர்களின் உடல் வெடித்து அழியும். உப்புநீராற் கழுவுதல் அதற்கு ஈடாகாது. கருவாட்டை விரைவில் நன்கு உலர்த்திக் குளிர்ந்த, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும்.

சங்கத்தின் கடமை

பொதுக் கிடங்கில் ஒருவர் சரக்கின் சிவப்பு பிறர் சரக்கையும் பற்றும். ஆதலின் உப்பைச் சங்கமே மொத்தமாக வாங்கிப் பரீட்சித்து அங்கத்தினர்க்கு வழங்குவதும், சிவந்த சரக்கை அன்றே பிரித்து அகற்றுவதும் அனைவர் முதலையும் காக்கும் வழியாகும்.