வலியும் கனவும்

நம் சங்கத்து நண்பர்களுள் பலர் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு ஆகிய மலையூர்களிலிருந்து வருகின்றனர். வேறு சிலர் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி முதலிய எல்லைச் சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள். இவர்களுள் எவரையேனும் நிறுத்தி, "வீட்டில் பெரியவர்கள் இரவில் நன்றாக உறங்குகின்றனரா?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்கே உறக்கம்? உடம்பெல்லாம் உளைச்சல். கண்ணை மூடினால் கண்ட கண்ட சொப்பனம்" என்று தாயோ பாட்டியோ கூறியதை அவர்கள் உங்களிடம் கூறுவர். உளைச்சலையும் சொப்பனத்தையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லும் இவ்வழக்கில் ஓர் உண்மை அடங்கிக் கிடக்கிறது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் குடும்பத்தில் நிகழ்ந்ததையே முதலில் கூறிவிடுகிறேன். என் பெரியம்மா முப்பது ஆண்டுகள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு ஒரே வகைக் கனவு மாதக்கணக்கில் வந்தது. வெள்ளம் புரளும் ஆறு, தோளிலே மூட்டை, மூட்டையின் கனத்தால் கால் வழுக்குகிறது, அலறிக்கொண்டு விழிக்கிறார். இது குடும்பத்துக்கு ஏதோ தீங்கு வருவதன் அறிகுறி என்று லயத்தில் எல்லாரும் முடிவு கட்டினர். குறி கேட்டனர், காப்புக் கயிறு கட்டினர், பேசி வைத்திருந்த ஒரு திருமணத்தையும் தள்ளிப் போட்டனர். தோள் வலியைப் பற்றி மட்டும் எவரும் பேசவில்லை. தோள் வலி தோட்டத்தில் யாருக்குத்தான் இல்லை?

இதைக் கேட்டு நகைப்பது எளிது. ஆனால், கனவைக் கருத்தோடு நோக்கியது தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்திக்கு உரைக்கிறாள். அக்காதைக்கே 'கனாத்திறம் உரைத்த காதை' என்று பெயர். பாண்டிமாதேவியும் தீக்கனாக் காண்கிறாள். கனவின் பயனை வகுத்துரைக்கக் 'கனாநூல்' என்றே ஒரு நூல் தமிழில் உண்டு. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்னும் நம்பிக்கையும் நம்மிடையே வேரூன்றியது. பலிக்குமா என்பது வேறு வினா. விடியற்காலைக் கனவுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதற்கு மட்டும் உறக்க நூலார் ஒரு விடை வைத்திருக்கின்றனர்.

1953ஆம் ஆண்டில் சிக்காகோப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் மூடிய இமைக்குள் விழிகள் சில வேளைகளில் விரைந்து அசைவதைக் கண்டறிந்து வெளியிட்டனர். அவ்வேளையில் எழுப்பப்பட்டோருள் மிகப் பலர் தெளிவான கனவைக் கூறினர். இதனை விரைவிழி உறக்கம் எனலாம். நம் உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக, ஓர் இரவில் நான்கைந்து சுற்றுகள் ஓடுகிறது. இரவின் முற்பகுதிச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. பிற்பகுதிச் சுற்றுகளில் விரைவிழி உறக்கம் நீளுகிறது. ஆகவே நீண்ட, தெளிவான கனவுகள் விடியலை அடுத்தே மிகுதியாக எழுகின்றன. உடனே விழித்துக் கொள்வதால் நினைவிலும் தங்குகின்றன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கனவு காண்பது வேறு. கண்ட கனவை நினைவில் வைத்திருப்பது வேறு. எல்லாரும் இரவுதோறும் கனவு காண்கிறோம். இடையில் விழிக்காதவன் காலையில் 'கனவே வரவில்லை' என்கிறான். நாட்பட்ட வலி உடையவரோ புரண்டு படுக்குந்தோறும் விழிக்கிறார். கனவின் நடுவில் விழித்தால் அக்கனவு அப்படியே கையில் அகப்படுகிறது. எனவே, 'வலி வந்தபின் கனவு மிகுந்துவிட்டது' என்று அவர் கூறுவதன் ஒரு பகுதி, 'வலி வந்தபின் விழிப்பு மிகுந்துவிட்டது' என்பதேயாகும்.

அப்படியானால் வலி கனவுக்குள் நுழைவதே இல்லையா? நுழைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆல்பிரெட் மோரி என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் மீதே இதனைச் சோதித்தார். தாம் உறங்கும்போது தம் பிடரியை மெல்லக் கிள்ளுமாறு ஒருவரை ஏவினார். தமக்கு யாரோ கொப்புளப் பற்றுப் போடுவதாகவும், இளமையில் தமக்கு மருத்துவம் செய்த ஒருவரைக் காண்பதாகவும் கனவு கண்டார். மற்றொரு முறை கட்டிலின் சட்டம் ஒன்று கழன்று அவர் கழுத்தில் விழுந்தது. அவரோ பிரெஞ்சுப் புரட்சியின் வழக்கு மன்றத்தில் நின்று, தீர்ப்புப் பெற்று, கொலைப் பொறியின்கீழ்த் தலை கொடுத்ததாகக் கண்டு விழித்தார். இவற்றையெல்லாம் அவர் 1861இல் வெளியிட்ட நூலில் எழுதி வைத்தார். கழுத்தில் பட்ட சிறு அடி ஒரு நாடகமாகவே விரிந்தது, பாருங்கள்! (அத்தனை நீண்ட நாடகம் அந்தக் கணத்திலேயே பிறந்ததா என்று பின்வந்தோர் ஐயுற்றனர், அந்த ஐயம் எனக்கும் உண்டு.)

பிற்கால ஆய்வுகள் இதனை அளந்து பார்த்தன. 1993இல் மான்ட்ரியாலில் நீல்சனும் அவர் துணைவரும், விரைவிழி உறக்கத்தில் இருந்தோரின் காலில் அழுத்தப்பட்டை கட்டி இறுக்கிப் பின் எழுப்பிக் கேட்டனர். ஏறத்தாழப் பத்துக்கு மூன்று கனவுகளில் வலி இடம் பெற்றிருந்தது. 2002இல் தீக்காயமுற்று மருத்துவமனையில் கிடந்தோரின் கனவுகளைத் திரட்டியபோதும் விகிதம் ஏறத்தாழ அதுவே. ஆக, வலி கனவில் வரும். ஆனால் எப்போதும் வராது. வரும்போதும் 'தோள் வலிக்கிறது' என்று நேராக வருவது சிலவே. மூட்டையாக, விலங்காக, கவ்வும் நாயாக மாறுவேடம் பூண்டும் வருகிறது. வேடத்துக்கு வேண்டிய துணியை அவரவர் வாழ்விலிருந்தே மனம் எடுத்துக் கொள்கிறது. மோரிக்குக் கொலைப் பொறி. என் பெரியம்மாவுக்குக் கொழுந்து மூட்டை.

மூட்டை என்றேன். அவ்வேலையை அறியாத நண்பர்களுக்காகச் சற்று விரித்துரைக்க வேண்டும். மூணாறு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சரிவிலே ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக ஊன்றி, நாள் முழுதும் கையை முன் நீட்டி நிற்க வேண்டும்; நிறைந்த பையை எடை போடும் இடத்துக்குச் சுமந்து செல்ல வேண்டும். கைக்கத்தரி வந்தபின் விரலின் வலி தோளுக்கு மாறியது. 2015இல் மூணாற்றுப் பெண்கள் 'பெண்கள் ஒற்றுமை' என்னும் பெயரில் தெருவில் அமர்ந்து போராடியதும், அதன்பின் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாய்க்கு உயர்ந்ததும் நாடறிந்தவை. அவர்கள் நினைவூட்டியது கூலியை மட்டுமன்று, அக்கூலிக்கு உடல் கொடுக்கும் விலையையும்தான்.

ஏலத்தோட்ட வேலை வேறு வகை. ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிய சரங்களில் காய்க்கிறது. ஆகவே குந்தியும் தவழ்ந்துமே பறிக்க வேண்டும். விடியுமுன் எழுந்து, கம்பம், போடி, தேவாரம் பக்கத்திலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, மாலையில் இறங்கும் பெண்களுக்கு முழங்காலும் இடுப்பும் கடுக்காமல் என்ன செய்யும்? வலி இல்லாவிட்டாலும் அவர்கள் இழப்பது விடியற்கால உறக்கத்தை. அதாவது கனவு செறிந்த பகுதியை. பாலக்காட்டு வயலில் நாற்று நடுவோரின் இடுப்பும், சித்தூர்ப் பக்கத்தில் தென்னையேறிக் கள் இறக்குவோரின் முதுகும் தனித்தனிக் கதை.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவர் வகுப்பர். அது பகலைவிட இரவில் பெரிதாகத் தோன்றுவது ஏன்? மெல்சாக், வால் என்னும் இருவர் 1965இல் ஒரு கொள்கையை வெளியிட்டனர். உடலிலிருந்து செல்லும் வலிச் செய்திக்குத் தண்டுவடத்தில் ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டு. மூளையின் கவனம், கவலை முதலியன அவ்வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் வல்லன என்றனர். பகலில் கங்காணியின் குரலும், பக்கத்து நிரைக்காரியின் பேச்சும் வாயிலைப் பாதி அடைக்கின்றன. இரவில் லயத்தில் விளக்கணைந்தபின் வலியைத் தவிரக் கேட்பதற்கு வேறொன்றும் இல்லை.

இதனினும் வியப்பானது மறுபுறம். வலி உறக்கத்தைக் கெடுக்கிறது என்பதை யாவரும் அறிவோம். உறக்கக் கேடு வலியை உண்டாக்கும் என்பதை அறிவோமா? டொரான்டோவில் மால்டாஃப்ஸ்கி என்பார் 1975இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நலமுள்ளோரை உறங்கவிட்டு, ஆழ்ந்த உறக்கம் வரும் பொழுதெல்லாம் ஒலியெழுப்பி, விழித்தெழாதபடி அதனை மட்டும் கலைத்தார். சில இரவுகளில் அவர்களுக்குத் தசைவலியும், தொட்டால் நோகும் இடங்களும் தோன்றின. வலி உறக்கத்தைக் கெடுக்க, கெட்ட உறக்கம் வலியை வளர்க்க, இரண்டும் ஒன்றையொன்று துரத்துகின்றன.

இச்சுழலில் மருந்தும் மதுவும் புகுந்தால் கனவு மேலும் கொந்தளிக்கிறது. 'வலி மறக்க ஒரு குப்பி' என்று குடிப்பவருக்கு இரவின் முற்பகுதியில் விரைவிழி உறக்கம் அமுங்குகிறது. பின்னிரவில் அது வட்டியோடு திரும்புகிறது. தீக்கனவுகளும் உடன் வருகின்றன. நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளும் விரைவிழி உறக்கத்தைக் குறைப்பன. மருத்துவரைக் கேளாது திடீரென நிறுத்தினால் கனவுகள் பெருக்கெடுக்கும். கடையில் தாமே வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை கனவைக் கெடுக்காவிட்டாலும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

தீக்கனவெல்லாம் வலியால் வருவன என்றும் கொள்ளற்க. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயத்தில் உறங்கிக் கிடந்த எழுபது உயிர்களை விழுங்கியது. அதனைக் கண்டவர்க்கு மழை இரவில் வரும் கனவு அச்சத்தின் கனவு. அதற்கு மனநல மருத்துவரின் துணை வேண்டும். கனவின் முடிவைப் பகலில் மாற்றி எழுதி, அம்மாற்றத்தை மனத்தில் ஒத்திகை பார்க்கும் முறை ஒன்று உண்டு. சிலருக்கு அது பயன் தருகிறது.

இனி, நம்மைப் போன்ற மாணவர் செய்யக்கூடிய ஒன்றைக் கூற விரும்புகிறேன். இது மருத்துவமன்று, மொழி. மலைநாட்டு மருத்துவமனையில் கேட்பது பெரும்பாலும் மலையாளம். மருத்துவர் "வேதன உண்டோ?" என்கிறார். அவர் கேட்பது உடல் வலி. நம் தாய்மார்க்கோ வேதனை என்பது மனத்துயர். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று கூறிவிடுகின்றனர். மாறாக அவர்கள் "வலி" என்றால், மலையாளத்தில் அச்சொல்லுக்கு 'இழுப்பு' என்றே பொருள். நம் உளைச்சல், குடைச்சல், கடுப்பு என்பன அங்கே கழப்பு, கடச்சில் என்று வழங்கும். நல்வினையாக, உறக்கம் இரு மொழிக்கும் பொது. கனவு அங்கே கினாவு. "இரவில் வலி உறக்கத்தைக் கலைக்கிறதா? எத்தனை முறை? எப்பக்கம் படுத்தால்?" என்னும் மூன்று வினாக்களுக்கு விடையை ஒரு தாளில் எழுதி உடன் செல்லுங்கள். ஓய்வில் குறையாது இரவில் எழுப்பும் வலி, மருத்துவர் கட்டாயம் அறிய வேண்டிய குறியாகும். அதனோடு காய்ச்சலோ உடல் மெலிவோ சேர்ந்தால் காலம் தாழ்த்தலாகாது.

என் பெரியம்மாவுக்கு அவ்வாறு ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதி வந்தேன். ஆற்றுக் கனவு வந்த இரவுகளில் பெரும்பாலானவை அவர் வலப்பக்கம் படுத்த இரவுகள். மருத்துவர் தோளைத் தூக்கச் சொன்னார். பாதிக்கு மேல் அது எழவில்லை. தோளின் தசைநார் தேய்ந்திருந்தது. பயிற்சியும் மருந்தும் தந்தார்; இடப்பக்கம் படுத்து, வலக்கையின்கீழ்த் தலையணை வைக்கச் சொன்னார். தள்ளிப் போட்ட திருமணம் அடுத்த தை மாதம் நடந்தது. சென்ற விடுமுறையில், "பெரியம்மா, இன்னும் ஆற்றைக் கடக்கிறீர்களா?" என்று கேட்டேன். "மாதத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை வருதுய்யா. அன்னைக்குத் தலையணை நழுவிப் போயிருக்கும்" என்றார்.