சொட்டு கூடினால் சுகம் கூடுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. வங்கியில் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது கழுத்தும் தோளும் இறுகிப்போகின்றன. படுத்தாலும் தூக்கம் பிடிக்க நள்ளிரவாகிறது. அரோமாதெரபி மசாஜ் செய்துகொண்டால் சரியாகும் என்கிறாள் தோழி. மாதாமாதம் ஸ்பாவுக்குப் போகக் கட்டுப்படியாகாது. ஊட்டி போனபோது லாவண்டர், யூகலிப்டஸ், விண்டர்கிரீன் என்று மூன்று பாட்டில் வாங்கி வந்தோம். அவற்றை வீட்டிலேயே தேய்த்துக்கொள்ளலாமா? மூட்டுவலிக்கு விண்டர்கிரீன் கேட்கும் என்று கடைக்காரர் சொன்னதால் மாமியாரும் கேட்கிறார். அவருக்கு இதய வால்வு ஆபரேஷன் ஆகி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஒன்றரை வயதுப் பையனுக்குச் சளி பிடித்தால் யூகலிப்டஸ் தடவலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் கடைசியில் கேட்ட இரண்டுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவைதான் அவசரம்.

மாமியாருக்கு விண்டர்கிரீன் வேண்டவே வேண்டாம். அந்த எண்ணெயில் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட்தான். ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த பொருள் அது. மேலே தடவினாலும் தோல் வழியே ரத்தத்தில் கலந்துவிடும். வால்வு ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பெரும்பாலும் வார்ஃபரின் அல்லது அசினோகுமரால் மாத்திரைதான் கொடுப்பார்கள். அதோடு இதுவும் சேர்ந்தால் மாத்திரையின் வேகம் கூடிவிடும். ஈறில் ரத்தம் வரும், லேசாக இடித்துக்கொண்டாலும் கன்றிப்போகும், உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியவும் வாய்ப்புண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் வலித் தைலங்கள் பலவற்றிலும் இதே மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. அட்டையைப் படித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். அவருக்கு வெதுவெதுப்பான நல்லெண்ணெயை முட்டியைச் சுற்றி மெதுவாகத் தடவிவிட்டாலே போதும், அழுத்திப் பிடித்துவிட வேண்டாம். திடீரென்று ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதில் கையே வைக்கக் கூடாது. உள்ளே ரத்தக்கட்டு இருக்கலாம், நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

பையன் விஷயம். தைலத்தைத் தலையணையில் தெளிப்பதும் நெஞ்சில் தடவுவதும் நம் வீடுகளில் தலைமுறையாக நடப்பதுதான். ஆனால் யூகலிப்டஸில் இருக்கும் சினியோல், கற்பூரம், மென்தால் மூன்றுமே சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்தானவை. மூக்கருகே காட்டினால் தொண்டை இறுகி மூச்சே தடைபடலாம். ஒரு தேக்கரண்டி யூகலிப்டஸ் வயிற்றுக்குள் போனாலே வலிப்பும் மயக்கமும் வரலாம். பெரியவர்களுக்கே, கற்பூரமும் யூகலிப்டஸும் கலந்த தைலங்களால் வலிப்பு வந்ததைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் ஆய்விதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். மற்றதைக் குழந்தை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

இனி நீங்கள். தாராளமாகச் செய்துகொள்ளலாம், லாவண்டர் பாட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு.

அரோமாதெரபி என்ற பெயரை வைத்தவர் ரெனே மோரிஸ் கட்டெஃபோஸே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1937-ல் அந்தப் பெயரிலேயே புத்தகம் போட்டார். அவருக்குப் பின் ஆஸ்திரியாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த மார்கரீத் மோரி, இந்த எண்ணெய்களை வேறு எண்ணெயில் நீர்க்கக் கலந்து உடம்பில் தேய்க்கும் முறையைப் பரப்பினார். இன்று ஸ்பாக்களில் நடப்பது பெரும்பாலும் அவர் வழிதான். ஆனால் அதில் முக்கியமான சங்கதி, நீர்க்கக் கலப்பது, வீட்டுக்கு வரும்போது காணாமல் போய்விடுகிறது. மூலிகைதானே என்று பாட்டிலிலிருந்து நேரே கழுத்தில் ஊற்றிக்கொள்கிறார்கள். கூடை கூடையாக இலையையும் பூவையும் காய்ச்சி வடித்த சாரம் அது. மூலிகை என்று தைரியமாகப் பூசிக்கொள்ளும் பொருள் அல்ல.

பலன் உண்டா என்றால், மனப்பதற்றத்தை மசாஜ் குறைக்கிறது என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. லாவண்டர் மணத்துக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. மணம் மூக்கிலிருந்து, நினைவையும் உணர்ச்சியையும் கையாளும் மூளைப் பகுதிகளுக்கு மற்ற புலன்களைவிடக் குறுக்கு வழியில் போய்ச் சேருகிறது. சில வாசனைகள் சட்டென்று மனதை மாற்றுவது அதனால்தான். ஆனால் எந்த மணம் என்பதை முகர்பவரிடமிருந்து மறைக்க முடியாது என்பதால், எண்ணெயின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது சிரமம். என் கணிப்பில் முக்கால்வாசி வேலையைச் செய்வது கைதான். செல்போன் இல்லாமல் அரை மணி நேரம் கண்ணை மூடிக் குப்புறப் படுத்திருப்பதற்கும் ஒரு பங்கு உண்டு. கழிவை வெளியேற்றும், கொழுப்பைக் கரைக்கும் என்று ஸ்பா அட்டையில் போட்டிருப்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

செய்முறைக்கு வருவோம். 30 மில்லி நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ எடுத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய்க்குத் தனி வாசம் உண்டு, லாவண்டரோடு அது எல்லாருக்கும் ஒத்துப்போகாது. பிடிக்காவிட்டால் தேங்காயெண்ணெய். அதில் லாவண்டர் 6 சொட்டு. ஏறக்குறைய 1 சதவீதம், முதல் தடவைக்கு அவ்வளவுதான். பழகிய பிறகு 12 சொட்டுவரை போகலாம். அதற்கு மேல் போனால் சுகம் கூடாது, அரிப்புதான் கூடும். கலந்ததில் ஒரு சொட்டை முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அது உங்களுக்கு ஆகாது. எரிச்சல் எடுத்தால் உடனே தண்ணீர் ஊற்றாமல், வெறும் தேங்காயெண்ணெயைத் தடவித் துணியால் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த எண்ணெய் தண்ணீரில் கரையாது.

உங்கள் தோளை நீங்களே பிடித்துக்கொள்ள முடியாது, வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்துச் சூடாக்கி, பிடரியின் அடியிலிருந்து தோள் முனைவரை நீளமாக, நிதானமாக இழுத்துவிடச் சொல்லுங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கட்டைவிரலுக்குத் தட்டுப்படும் முடிச்சில் நாலைந்து மூச்சு நேரம் அழுத்திப் பிடித்து விடவேண்டும். கழுத்தின் முன்பக்கத்தை அமுக்கவே கூடாது, மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அங்கே ஓடுகிறது. இருபது நிமிடம் போதும். காய்ச்சல், தோல் புண், வலிப்பு நோய், ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். பின்னால் எலுமிச்சை, பெர்கமாட் வகை எண்ணெய்களை வாங்கினால், தேய்த்த இடத்தில் 12 மணி நேரமாவது வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோல் வெந்து கறுத்துவிடும்.

வாங்கி வந்தது அசல்தானா? வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அசல் லாவண்டரும் யூகலிப்டஸும் காய்ந்தபின் எண்ணெய்க் கறை விடாது. வெட்டிவேர், சந்தனம் மாதிரி கனமானவை கொஞ்சம் கறை விடும், அது கலப்படம் அல்ல. கறை இல்லாததால் மட்டும் அசல் என்றும் சொல்லிவிட முடியாது, செயற்கை வாசனையும் ஆவியாகிவிடும். பாட்டிலில் தாவரத்தின் அறிவியல் பெயர் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். லாவண்டருக்கு லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா. மலிவு விலையில் மல்லிகை எண்ணெய் என்று விற்றால் அது வெறும் செயற்கை வாசனைதான். மல்லிகையை நீராவியில் காய்ச்சி எடுக்க முடியாது. சத்தியமங்கலம், நிலக்கோட்டைப் பூவைச் சென்ட் ஃபேக்டரிகளில் கரைப்பானில் ஊறவைத்துத்தான் வாசனையைப் பிரிக்கிறார்கள். கிலோ கணக்கில் பூ போட்டாலும் கிடைப்பது கொஞ்சம், அது சல்லிசாக வராது. எந்தப் பாட்டிலையும் திறந்தபின் இருட்டில், சூடுபடாத இடத்தில் வையுங்கள். பழசாகிக் காற்றுப்பட்ட லாவண்டர்தான் அதிகமாக அலர்ஜி தருகிறது.

கை மரத்துப்போவதோ வலி கைவரை இறங்குவதோ இருந்தால் மசாஜை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தூக்கமின்மை மாதக்கணக்கில் நீடித்தாலும் அதற்கென்று டாக்டரிடம் போங்கள். மூன்று பாட்டில்களையும் இன்றைக்கே பையன் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.