மூன்று குப்பம், மூன்று சராசரி

கேள்வி: நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம் மூன்றிலும் படகுவாரியாக இறால் எடை குறித்திருக்கிறேன். சராசரிகள் வேறுபடுகின்றன. 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கசிந்து படர்ந்ததுதான் காரணம் என்று எழுதலாமா?
– கல்லூரி மாணவி, எண்ணூர்

பதில்: அவசரப்படாதீர்கள். ஒரே குப்பத்துப் படகுகளுக்குள்ளேயே மீன்பாடு எவ்வளவு ஏறி இறங்குகிறது? அதைவிடக் குப்பங்களுக்கு இடையிலான வித்தியாசம் கணிசமாகப் பெரிதென்றால்தான் பேச்சு. ரொனால்ட் ஃபிஷர் 1920களில் உருவாக்கிய ‘அனோவா’ அளப்பது இதைத்தான்.

இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையை, குப்பங்களை இரண்டிரண்டாக எடுத்து மூன்று முறை போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் பிசகலாம் என்றால், உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் ஒன்றாவது பொய்யாகத் தலைகாட்டும் வாய்ப்பு 10 சதவீதத்தைத் தாண்டிவிடும். இன்னொன்று: ஒரே படகின் பத்து நாள் பாடு, பத்துப் படகுக்குச் சமமாகாது. பலரும் சறுக்குவது இங்கேதான். ஓரிரு பெரும்பாடு சராசரியை இழுத்தால், வரிசையை மட்டும் பார்க்கும் கிரஸ்கல்-வாலிஸ் சோதனை (1952) மேல்.

எண்ணெய்தான் காரணமா? இந்த எண்களில் அதற்கு விடை இல்லை. மூன்று குப்பமும் ஒரே முகத்துவாரத்தை ஒட்டியவை; எண்ணெய் எட்டாத குப்பம் என்று ஒப்பிட இவற்றில் எதுவும் இல்லை. அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளமும் வந்தது. கசிவுக்கு முந்தைய கணக்கும், எண்ணெய் எட்டாத வேறொரு கழிமுகத்தின் கணக்கும் வேண்டும். இறால் ஏலம் எடுப்பவர்களிடம் பழைய நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.